மூடி வைத்தால் காயுமா சப்பாத்து?

போன செவ்வாய்க்கிழமை. எங்கள் லூனாஸில் முந்தின ராத்திரியிலிருந்தே மழை. கதவைத் திறந்தால், வாசல் போர்ச்சில் என் வீட்டுக்காரரின் கறுப்புச் சப்பாத்து இரண்டிலும் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. ராத்திரி சாரல் அடித்திருக்கிறது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு அவருக்கு கூலிமில் இன்டர்வியூ. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி நான்கு மாதமாகிறது. ஐம்பத்து மூன்று வயது ஆளைக் கூப்பிட்ட முதல் கம்பெனி இது. போட்டுக்கொண்டு போக இருப்பதோ... அந்த ஒரே ஜோடி.

அது ஏன் வெளியே கிடந்தது என்கிறீர்களா? என் சட்டம்தான். சாமி படம் இருக்கிற ஹாலுக்குள் காலில் போட்டது எதுவும் வரக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மறுபேச்சு பேசியதில்லை.

"பரவால்லம்மா... சிலிப்பர போட்டுக்கிட்டுப் போறேன்" என்றார். போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்த குரல் அது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பினாங்கில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு அனுப்பிய சப்பாத்து உலர்த்தும் மெஷின் - அலமாரி மேல் பிரிக்காமலே கிடக்கிறது. இறக்கிப் பிரித்தேன். கையளவு பெட்டி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி இரண்டு குழாய். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, போர்ச்சிலேயே வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாய்களைச் சப்பாத்துக்குள் விட்டேன். சூடு வீணாகப் போகக் கூடாதே என்று ஒரு தடித்த துண்டைப் போட்டு இறுக்கி மூடினேன். வாரம் நாலு நாள் இட்லி அவிக்கிற கை... வேறென்ன செய்யும்?

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஆவி பறக்கிறது. சப்பாத்து சுடுகிறது. ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, நீங்க அத அவிச்சிட்டீங்க லா. உள்ள சின்னதா ஒரு ஃபேன் இருக்கு. அது காத்த இழுத்து, சூடாக்கி, சப்பாத்துக்குள்ள ஊதும். அந்தக் காத்து ஈரத்த தூக்கிக்கிட்டு வெளிய வரணும். நீங்க மூடிட்டா அது எங்க போகும்? துண்டு தீப்பிடிச்சிருந்தா?"

"சரி, இப்ப என்னதான் செய்யுறது?"

"மொதல்ல வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. மழையில போர்ச்சு காத்தே ஈரம். ஹால்லதான் வசதி."

ஹாலிலா? திரும்பிப் பார்த்தேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்... சப்பாத்தை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டு வந்தேன். சாமி என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மகள் சொன்னபடியே செய்தேன். கயிற்றைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தனியாக வைத்தேன். பழைய பேப்பரைத் திணித்து ஈரத்தை ஒற்றி எடுத்தேன், இரண்டு தடவை. அப்புறம்தான் குழாய். தோல் வெடித்துவிடுமாம், அதனால் குறைந்த சூடு. இந்தத் தடவை சப்பாத்தின் வாயை மூடாமல் திறந்தே விட்டேன்.

வெளியே மழை. உள்ளே அந்த மெஷினின் மெல்லிய முனகல். தோல் காய்கிற வாசனை ஹால் முழுக்கப் பரவியது. நாங்கள் இருவரும் அதற்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்திருந்தோம். தூங்குகிற குழந்தைக்குக் காவலிருப்பது போல இருந்தது. நேரம் போவதே தெரியவில்லை. கண் லேசாகச் சொக்கியது.

"பயமா இருக்கும்மா" என்றார் திடீரென்று. "இந்த வயசுல போயி, வேல குடுங்கன்னு நிக்கணும்..."

நான்கு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் கையை எடுத்து, குழாயிலிருந்து வரும் காற்றில் காட்டினேன். அவர் அதை எடுக்கவே இல்லை.

ஒன்றே முக்காலுக்குச் சப்பாத்தை மாட்டினார். அதன் மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, மழைச்சட்டையோடு மோட்டார் சைக்கிளில் போனார்.

நாலரைக்குத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். "அவங்க முன்னாடி உட்கார்ந்தேன். மத்த எடமெல்லாம் நடுங்குச்சு... காலு மட்டும் கதகதன்னு இருந்துச்சும்மா. அத நெனச்சுக்கிட்டே பேசிட்டேன்" என்றார்.

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? கிடைத்தது... ஆனால் நான் அதைக் கேட்டது, அவர் வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான்.