ராணி ‘விடு’ என்றாள்

போர் முடிந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். மருதானைப் பக்கம் ஒரு தியேட்டரில், ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது இது. மறுநாள் வெளியாகவிருந்த தமிழ்ப் படம் ஒன்றைச் சரிபார்ப்பதற்காகப் போட்டிருந்தார்கள். அத்தனை பெரிய மண்டபத்தில் மூன்றே மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஒருத்தி நான், அந்தப் படத்துக்குச் சிங்களத்தில் சப்டைட்டில் எழுதியவள்.

எனக்கு அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. சிங்களச் சுற்றறிக்கையைத் தமிழாக்குவதும் தமிழ்க் கடிதத்தைச் சிங்களமாக்குவதும்தான் நாள் முழுக்க. பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தை என்பதால் இரண்டு மொழியும் நாக்கில் நிற்கும். இந்தியாவிலிருந்து படம் இறக்கி ஓட்டுகிற கொட்டாஞ்சேனை முதலாளி ஒருவர் இதை யாரிடமோ கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார். சிங்கள ஆட்களும் வந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நானும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டேன்.

படம் பழைய காலத்து அரசர்களின் போரைப் பற்றியது. யானைகள், குதிரைகள், வானத்தை மறைக்கிற அம்புகள். ஒரு துளி இரத்தம் நிலத்தில் விழ அரை நிமிடம் எடுக்கும், அவ்வளவு ஆறுதலாக விழும். இப்படிப்பட்ட படங்கள் மேல் எனக்கு அப்போது சரியான கடுப்பு. கலியாண மண்டபத்தில் சோடனை எல்லாம் இருக்கும், மாப்பிள்ளையைத்தான் காணோம் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் நக்கலடிப்பேன். நக்கலுக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. குண்டுச் சத்தத்தில் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். போரை அழகாகக் காட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அந்தக் கடுப்போடுதான் வேலையையும் செய்தேன். முதலாளி வசனத் தாளோடு படத்தின் டிஸ்க்கையும் தந்திருந்தார். பேச்சு வருகிற இடங்களை மட்டும் கவனமாகப் பார்த்தேன். சண்டை தொடங்கினால் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவேன். சண்டைக்குள் இரண்டொரு சொல் வந்தால் தாளைப் பார்த்து எழுதினால் போயிற்று. இதிலெல்லாம் என்ன கதை இருக்கப்போகிறது என்ற எண்ணம்.

படத்தின் நடுப்பகுதிச் சண்டைக்குள் வருகிற ஒரு கட்டத்தைத் தாளில் வாசித்தேன். எதிரி நாட்டு இளவரசன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஆற்றங்கரையில் நிற்கிறான். ராணியின் வில்லாளி அவனைக் குறி பார்த்து நாணை இழுத்துப் பிடித்திருக்கிறான். தாளில் அடுத்த வரி, ராணி, ‘விடு.’ அம்பை விடு என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? சிங்களத்தில் ‘விதபன்’, அதாவது எய், என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த வியாழக்கிழமை மண்டபத்திலும் நான் படத்தைப் பார்க்கவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் இல்லை. விளக்குப் போட்டதும் முதலாளி டெலிபோன் கதைக்க வெளியே போனார். எனக்கு இரண்டு வரிசை பின்னால், பொப்கோர்ன் விற்கிற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், சிங்களப் பெண், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வேலை தொடங்க நேரம் இருந்ததால் படம் பார்க்க வந்திருந்தாள். அவள் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொல்கிறேன்.

“மிஸ், அந்த ராணிதானே கொல்லச் சொன்னது? பிறகு ஏன் படம் முடியும் வரைக்கும் அழுதுகொண்டு திரியுறா?”

நான் சிரித்தேன். “தங்கச்சி, இந்த மாதிரிப் படத்திலை கதை தேடக்கூடாது. உடுப்பையும் யானையையும் பார்த்திட்டு வீட்டை போக வேணும்.”

அவள் சிரிக்கவில்லை. “இல்லை மிஸ், கை வேறை மாதிரிச் சொல்லிச்சு” என்று தன் உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் திருப்பி, காற்றை மெதுவாக அமர்த்துவது போல இரண்டு தரம் தாழ்த்திக் காட்டினாள். “தெரு நாய்க்கு ஆரும் கல்லெடுத்தால் எங்கட அம்மா இப்பிடித்தான் காட்டுவா. கீழை எய் எண்டு எழுதியிருக்கு. கை வேண்டாம் எண்டுதானே சொல்லுது?”

மேலே போய் ஓப்பரேட்டரிடம் அந்தக் கட்டத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னேன். இந்த முறை எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தேன்.

அதைச் சொல்லும்போது ராணியின் முகத்தைக் காட்டவே இல்லை. பெரிய திரை முழுவதும் ஒரு கை மட்டும். வளையல்கள் மேலே ஏறியிருக்க, உள்ளங்கை கீழ் நோக்கித் தாழ்கிறது. ‘விடு’ என்கிறாள், சோர்ந்துபோன குரலில். அவனைப் போக விடு என்கிறாள். வில்லாளி அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கையை அவன் காணவில்லை. அவன் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். விரலை எடுக்கிறான். நான் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிட்ட அந்த ஆறுதலான அம்பு, ராணியின் வாய் திறந்தபடியே இருக்க, ஆற்றைக் கடந்து போகிறது. அதற்குப் பிறகு ராணி வில்லாளியைத் தண்டிக்கவும் இல்லை, யாரோடும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. படத்தின் பின்பாதி முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. கதையே இல்லை என்று நான் சொல்லித் திரிந்த படம்.

போக விடச் சொன்ன ஒருத்தியின் வாயில் கொலைக் கட்டளையை வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலை பத்தரைக் காட்சிக்குச் சிங்கள ஆட்கள் வந்து உட்காருவார்கள். ஒரு தமிழ் ராணி வெறுங்கையோடு நிற்கிறவனைக் கொல்லச் சொல்லிவிட்டுப் பிறகு நீலிக்கண்ணீர் வடிக்கிறாள் என்று பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். மற்றவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்பதை நினைக்கவே முடியவில்லை. கொழும்பில் அதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

முதலாளியிடம் மறைக்க முடியாது. அவர் உள்ளே வந்ததும், “நான் பெரிய பிழை ஒண்டு விட்டிட்டன்” என்று நடந்ததைச் சொன்னேன். பத்திக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“மிஸ், நான் இந்தப் படத்த வாங்கினதே அந்த ஒரு சீனுக்காகத்தான்” என்றார். “என்ட சிங்களம் கடையில யாவாரம் பேசத்தான் காணும். வாசிக்க வராது. அதாலதான் உங்களத் தேடி வந்த.”

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிழை பிடிபட்டாலும் அதைத் திருத்துவது லேசாக இல்லை. ‘அத்தாரபன்’ என்று போட்டால், அவனை விட்டுவிடு என்று வரும். ஆனால் அப்படிச் சொன்ன பிறகும் வில்லாளி ஏன் எய்தான் என்று யாருக்கும் விளங்காது, அவன்தான் கொலைகாரன் ஆவான். ‘விதபன்’ என்றால் ராணி கொலைகாரி. தமிழில் ஒரே சொல் இரண்டு பக்கமும் போகிறது. சிங்களத்தில் அப்படி ஒன்று என் நினைவுக்கு வரவே இல்லை. இருபது வருடமாகச் சுற்றறிக்கை மொழிபெயர்த்த மூளை அந்த நேரத்தில் உலர்ந்துபோய் நின்றது.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். சப்டைட்டில் கோப்பைத் தயாரித்த பெடியனின் அலுவலகம் பாமன்கடையில். ஐந்து மணிக்கு முன் போனால்தான் மாற்றலாம். நான் தாளில் எழுதுவதும் வெட்டுவதுமாக வெளி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். பொப்கோர்ன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கையில் இருப்பதைப் போக விடவும் அதுதான், எய்யவும் அதுதான், அப்படி ஒரு சொல்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. “அரபன் எண்டு போடுங்களன், மிஸ். காலிமுகத்திடலிலை பட்டம் ஏத்தேக்கை நூல் பிடிச்சிருக்கிற ஆளுக்கு நாங்கள் அப்பிடித்தான் கத்துறது. ஆளைப் போக விடுறதுக்கும் அதுதான். கவணிலை கல்லு விடுறதுக்கும் அதுதான்.”

அரபன். என் வாழ்நாள் முழுவதும் பஸ்ஸிலும் சந்தையிலும் கேட்ட சொல். தமிழிலும் பட்டம் விடு என்றுதானே சொல்கிறோம். அலுவலகச் சிங்களத்தில் அதற்கு இடமில்லை, அதனால் என் தலைக்குள்ளும் அதற்கு இடம் இருக்கவில்லை. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரத்துணியோடு சேர்த்துத்தான் பிடித்தேன்.

ஓட்டோ பிடித்துப் பாமன்கடைக்குப் போய் அந்த ஒரு சொல்லை மாற்றி, புதிய கோப்போடு நாலரைக்கெல்லாம் திரும்பி வந்தேன். ஓப்பரேட்டர் போட்டுக் காட்டினார். கை தாழ்ந்தது, கீழே ‘அரபன்’ என்று விழுந்தது, அம்பு போனது. பெருமூச்சு விட்டேன். திரும்பவும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது முதலாளி சொன்னார், “சரி, விடுங்க மிஸ்.” அந்தச் சொல்லை அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பத்தரைக் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு சிங்களக் குடும்பம், பக்கத்தில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஆற்றங்கரைக் காட்சி வந்தபோது கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்பு ஆற்றைக் கடக்கிற அத்தனை நேரமும் ஒருவரும் அசையவில்லை. பிறகு முன் வரிசைத் தாய் சிங்களத்தில் “அனே” என்றாள். பக்கத்துப் பெண் “ஐயோ” என்றாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அப்பாடா என்று இருந்தது. முதல் நாள் காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. இருட்டில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் ஒரு பொப்கோர்ன் வாங்கினேன். “இப்ப விளங்குதாம் மிஸ், எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வருகினம்” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

சோடனை மட்டுமே உள்ள போர்ப் படங்கள் இன்றைக்கும் வருகின்றன, எனக்கும் இன்றைக்கும் கடுப்பு வருகிறது. ஆனால் ஓட்டிவிட்டுப் பார்ப்பதில்லை. மேசையில் கிடக்கிற காய்ந்த கடிதம் ஒன்றில் ‘விடு’ என்று ஒரு சொல் வந்தால்கூட, பேனாவை எடுப்பதற்கு முன், அதைச் சொன்னவரின் கை எந்தப் பக்கம் திரும்பியிருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.