மாந்தோப்புக் கல்யாணத்துக்கு நான் சொன்ன தடை

என் மகளின் கல்யாணத்துக்குத் தடை சொன்னவர் ஒரே ஒருவர்தான். அது நான். சித்தூரில் எங்கள் சபையார் எல்லோருக்கும் இது தெரியும். அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. தெரியாமல் போகட்டும் என்றுதான் இருந்தேன். இப்போது நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மகள் திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் தெலுங்குக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றபோது எனக்கு வருத்தமில்லை. பையன் நல்லவன், எங்களைப் போலவே கிறிஸ்தவன், நான் பேசும்போது குறுக்கே பேசாதவன். கடைசியாகச் சொன்ன குணத்தை நான் கொஞ்சம் கூடுதலாகவே மதித்தேன். கல்யாணம் எங்கே என்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது.

பாகாலாவுக்குப் பக்கத்தில் பையனின் மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. தோப்பு முடியும் இடத்தில் புதர்க்காடு தொடங்கி, அப்படியே குன்றில் ஏறிவிடும். காய் பறித்து முடித்தபின் தோப்பு சும்மாதான் கிடக்கும். அங்கே மரத்தடியில் கல்யாணம் என்றாள். கடன் வாங்கக் கூடாது, இருவரின் சேமிப்புக்குள் முடிய வேண்டும், முடிந்ததையெல்லாம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். எண்பது பேருக்கு மேல் அழைப்பில்லை.

“பந்தல்?” என்றேன்.

“மரம் இருக்குதே நைனா.”

“நாற்காலி?”

“பாயி. பெரியவங்களுக்கு பெஞ்சு.”

“சாப்பாடு?”

“ராகிக் களி, நாட்டுக்கோழிக் கொழம்பு.”

“கல்யாணத்துல களியா? ஒரு பிரியாணிகூட இல்லாமயா?”

“ஒனக்கு வேணும்னா முந்தின நாளே வீட்ல துன்னுட்டு வா.”

நம் சர்ச்சிலேயே வைத்துக்கொள்ளலாமே, அதற்குச் செலவே இல்லையே என்று கேட்டேன். “சர்ச்சுல வெச்சா சபை முழுக்கச் சாப்பாடு போடணும். போடலன்னா யாருக்கு அசிங்கம்? ஒனக்குத்தான். அவ்ளோ தூரம் தோப்புல வெச்சா யாரும் எதிர்பாக்க மாட்டாங்க” என்றாள். என் மானத்தையும் கணக்கில் வைத்துத்தான் அவள் தோப்பைத் தேர்ந்திருக்கிறாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நான் களியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவன். அதோடு பல வருடங்கள் எங்கள் சபையின் செயலாளராகவும் இருந்தேன். விதி என்று ஒன்று இருந்தால் அதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வதில் எனக்கு அலாதியான ஆனந்தம். என் கூடவே கமிட்டியில் இருந்த நண்பர் ஒருவர், தன் மகனின் கல்யாணத்தைத் திருச்சானூரில் ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். ஆலயத்துக்கு வெளியே கூடவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்று தடுத்தேன். அந்த நண்பர் இப்போது காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், பொண்ணுக்குக் காட்டுல கல்யாணமாமே?”

“தோப்பு.”

“தோப்புல பீடம் எங்க கீது? பீடம் இல்லாத எடத்துல ஆசீர்வாதம் எறங்காதுன்னு எங்கிட்ட நீதான சொன்ன? இப்ப மட்டும் மாமரத்துல ஏறி எறங்குமா?”

வாங்கிய கத்திரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கல்யாண வேலை மும்முரமாக நடந்தது. மனைவியின் பழைய புடவைகளைக் கிழித்து முக்கோணம் முக்கோணமாகத் தைத்துத் தோரணம் கட்டினார்கள். ஜாம் பாட்டில்களின் கழுத்தில் சணல் சுற்றிச் சாமந்தி வைக்கத் தயார் செய்தார்கள். பழுப்புத் தாளில் மாவிலையைச் சாயத்தில் தோய்த்து அச்சு வைத்து மகளே அழைப்பிதழ் செய்தாள். எனக்கும் இலை அச்சு வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். நான் வைத்த இலையெல்லாம் மீன் செத்து மிதப்பதுபோல் இருந்தது. “நைனா, நீ பேசிக்கினே வேலை செய்யாத, எதுனா ஒண்ணு பண்ணு” என்றாள் மகள். நான் பேச்சைத் தேர்ந்துகொண்டேன். மரத்தடிக் கல்யாணத்தின் கேடுகளைப் பற்றி, மழையிலிருந்து செவ்வெறும்பு வரைக்கும், அவர்கள் தைத்து முடிக்கும்வரை சொற்பொழிவு ஆற்றினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன இடத்தில் விவாகம், இதற்குத் தடை சொல்ல எவருக்காவது நியாயம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து அந்த இடைவெளியில் இருமல் தவிர வேறு சத்தம் வந்ததில்லை.

முதல் இரண்டு ஞாயிறும் என் மகளின் ஓலைக்கும் இருமல்தான் வந்தது. மூன்றாவது ஞாயிறு பையனின் அம்மா திருப்பதியிலிருந்து வந்து, பெண்கள் பக்கத்தில் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். இடத்தைப் பற்றி மட்டும் ஒரு தடை எழுப்பினால், போதகருக்குக் கல்யாணத்தை ஆலயத்துக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இராது. மகளின் கோபம் போதகர்மேல் போகும். நண்பரின் வாயும் அடையும். இதைத் திட்டம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. மகளிடம் நேராகச் சொல்லத் துணிவில்லாமல், சபை முழுவதையும் எனக்குப் பதிலாகப் பேச வைக்கப் பார்த்தேன்.

போதகர் வாசித்தார். நிறுத்தினார். நான் எழுந்தேன்.

“ஐயா, எனக்கு ஒரு தடை உண்டு.”

அடுத்த வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆனால் முதல் வாக்கியம் முடிந்ததுமே ஆலயத்தில் எழுந்த சத்தத்தில் அது மறந்துபோயிற்று. பெண்ணைப் பெற்றவன் எழுந்து தடை என்கிறான். அதற்குமேல் யார் என்ன காரணத்தைக் கேட்பார்கள்? பெண்கள் பக்கத்தில் சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்து, “ஏமன்னாரு? ஏமன்னாரு?” என்று, நான் என்ன சொன்னேன் எனத் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். என் நண்பர்கூடத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இடம்... இடத்தைப் பத்தி மட்டும்தான்” என்றேன் ஒருவழியாக.

போதகர் வயதில் சிறியவர், பொறுமைசாலி. “சார், இடத்துக்குப் பேராயரோட அனுமதி வந்துட்டுது. போன மாசமே உங்க பொண்ணு வாங்கிட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?” என்றார்.

சொல்லியிருப்பாள். நான் அப்போது பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தடை என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், அதை அவரே தன் வாயால், கல்யாணத்துக்கு முன், கூடியிருப்பவர்கள் எதிரில் திரும்பப் பெற்றால் ஒழிய விவாகம் நடத்தக் கூடாது என்று எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. செயலாளராக இருந்தபோது அதை எழுதியவன் நான். நல்ல தமிழில் எழுதினேன் என்று பெருமையும் பட்டிருக்கிறேன். “இப்பவே வாபஸ் வாங்கிடுங்க சார்” என்று போதகர் கெஞ்சினார். மானம் போன ஆத்திரத்தில் நான் வாபஸ் வாங்காமலே வெளியே நடந்தேன். வருகிற சனிக்கிழமை கல்யாணம்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி மகளுக்குப் போயிருந்தது. மாலையில் மகள் திருப்பதியிலிருந்து வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நைனா, நீ எழுந்து நின்னியா?”

“இடத்துக்குத்தான்மா.”

“எடத்துக்கு எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? நான் எங்க போய்ட்டேன்? தெனமும் போன்ல பேசிக்கினுதான கீறேன்?”

அவள் தோள்பையை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

“அவுங்க அம்மா எதிர்ல நின்னுகினு சொல்லியிருக்க. அவுங்க வேணாம்னு போயிருந்தா?”

சம்பந்தியம்மா வேண்டாம் என்று போகவில்லை. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டாள். தமிழ்ச் சபைகளில் பெண்ணின் தகப்பன் ஒருமுறை எழுந்து தடை சொல்லி, பிறகு கல்யாணத்தன்று திரும்பப் பெறுவது வழக்கம், பெண்ணை விட மனமில்லை என்பதற்கு அடையாளம் என்று அந்த அம்மாளிடம் அங்கேயே, ஆலயத்திலேயே உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறாள். “வாயை மூடிக்கினு இருந்திருந்தா நான் இந்த வயசுல சர்ச்சுல பொய் சொல்லியிருக்க மாட்டேன்” என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

மகள் அன்றிரவே தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். தோப்பில், எல்லோர் எதிரிலும், ஒரே ஒரு வாக்கியத்தில் தடையைத் திரும்பப் பெற வேண்டும். சரித்திரம் கூடாது. அதைவிட முக்கியமானது இரண்டாவது. “எங்கூட அம்மா நடந்து வரட்டும். நீ வேணாம் நைனா.”

மணமகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போவது எங்களில் தகப்பனின் வேலை. அவள் பிறந்த நாளிலிருந்து நான் காத்திருந்த நடை அது. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னதால் கெஞ்சவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலை தோப்புக்கு முதல் ஆளாகப் போனேன். செய்ய வேறு வேலை இல்லாததால் வேனிலிருந்து பெஞ்சுகளை இறக்கிச் சுமந்தேன். மழை வரவில்லை. எறும்பும் என்மேல் ஒன்று விழுந்ததோடு சரி. மாங்கொம்பில் செய்த சிலுவையும், மரத்துக்கு மரம் ஆடிய புடவைத் தோரணமும், பாட்டில் சாமந்தியும், ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாத அளவுக்கு அழகாக இருந்தன. அந்தத் தோரணத்தில் என் கல்யாணத்துக்கு மனைவி உடுத்திய புடவையும் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

போதகர் என்னை அழைத்தார். “என் மகளின் விவாகத்துக்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை” என்றேன். பையனின் உறவினர்கள் கைதட்டினார்கள். தமிழர்களுக்கு எவ்வளவு அருமையான வழக்கம் என்று யாரோ தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது.

பிறகு மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தோப்பின் ஓரத்திலிருந்து புறப்படத் தயாரானாள். சம்பந்தியம்மா நடுவில் வந்து, அன்னய்யகாரு ஏன் கூட நடக்கவில்லை என்று கேட்டார். தெலுங்கில் அண்ணன் என்று மரியாதையாக என்னைத்தான் சொன்னார். நான் என்னென்னவோ வார்த்தைகளைத் தேடினேன். மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“நைனாவுக்கு முட்டி வலி அத்தம்மா. காலையிலர்ந்து நடக்கவே முடியல.”

சற்று முன்புதான் அந்த அம்மாள் எதிரில் ஒற்றை ஆளாகப் பெஞ்சு சுமந்திருந்தேன். என்றாலும், மகள் கொடுத்ததை விடக் கூடாது என்று உடனே நொண்டத் தொடங்கினேன். நொண்டியபடியே என் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். ஆராதனை முறைமையின்படி போதகர் மறுபடி ஒருமுறை, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். எண்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். மகள் மட்டும் திரும்பவில்லை.

களியை இரண்டு உருண்டை தின்றேன். நன்றாகவே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. என் முட்டிக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை. ஆனால் சம்பந்தியம்மா வரும்போதெல்லாம் நொண்டுகிறேன். அவர் திருப்பதியிலிருந்து எனக்குத் தைலம் வாங்கி வருகிறார். போன மாதம் மகளோடு வந்திருந்தார். நான் கூடத்துக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காலித் தம்ளரோடு திரும்பியபோது, மகள் சமையலறை வாசலில் நின்று என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன தடவ எடது காலு நைனா” என்றாள் மெதுவாக.

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா நொண்டணும்?” என்றேன். சிரிக்க வைக்கத்தான் அப்படிக் கேட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்க வேறு வார்த்தை வரவில்லை.

அவள் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் நொண்டும் காலை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன்.