சுவா தோட்டத்து வெயிலில் ஒரு குளிர்ச் சட்டை

பள்ளி விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை, ஊரே போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனது. நாங்களும் அந்தப் பக்கம்தான் போனோம், ஆனால் கடலைப் பார்க்காமலே திரும்பினோம். என் மனைவி கவிதா ஆய்வகத்தில் செய்த, உடம்பைக் குளிர வைக்கும் சட்டையைச் செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நான் வெறும் டிரைவர்.

காலை 6.40க்கு எங்கள் ஊரான ராசாவிலிருந்து கிளம்பினோம். சுவாவுக்கு உள்ளே இருக்கும் தோட்டம் வரை 43 கிலோமீட்டர். அதில் கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. வழியில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ, இருவருக்கும் எட்டு ரிங்கிட். கவிதா மடியில் வைத்திருந்த ஐஸ் பெட்டியை இறக்காமலே சாப்பிட்டாள்.

பெட்டியில் பால்போல ஒரு திரவம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அலுமினாத் தூள். சூட்டைச் சட்டென்று கடத்தும். கூடவே பொடிப்பொடியான மெழுகு உருண்டைகள். அவை உருகும்போது சூட்டை விழுங்கும். ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே ஓடு இருப்பதால் மெழுகு கசியாது. சட்டைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் ஒரு சின்ன பம்ப் இதைச் சுற்றவிடும்.

போட்டுக்கொண்டவர் பார்வதி அக்கா, உதிரிப் பழம் பொறுக்குபவர். போன மாதம் வெயிலில் மயங்கி விழுந்ததிலிருந்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரைப் பாதி நாளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அது அக்காவுக்குப் பெரிய குறை.

9.10க்கு வேலை தொடங்கியது. "முதுகுல ஈரத்துணி போட்டாப்ல இருக்குலா!" என்று அக்கா சிரித்தார்.

10.05க்குச் சிரிப்பு நின்றது. பம்ப் முனகியது, திரவம் நகரவில்லை. கவிதா கீழே கிடந்த செம்பனை மட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "லேப்ல ஒழுங்காத்தாங்க ஓடுச்சு" என்றாள் என்னிடம்.

"குனிஞ்சு பொறுக்குனப்ப ஜில்லுனுதான் இருந்துச்சு" என்றார் அக்கா. "மண்டோர்கிட்ட பேசிக்கிட்டு நின்னேன் பாரு, அப்பதான் சூடாச்சு."

கவிதா எழுந்தாள். அக்கா அசையாமல் நின்றதும் மெழுகு உருண்டைகள் மேலே மிதந்து குழாய் வாயை அடைத்திருந்தன. சட்டையின் முதுகிலிருந்த திரவப் பையை நன்றாகக் குலுக்கி, அடி வைக்கும்போதெல்லாம் ஆடும்படி இடுப்பில் கட்டினாள். அதன்பின் 11.50 வரை பம்ப் நிற்காமல் ஓடியது.

"இத இங்கயே விட்டுட்டுப் போயேம்மா" என்றார் அக்கா.

"வேணாக்கா. இத நம்பி வெயில்ல நிப்பீங்க. நடுவுல பம்ப் நின்னுட்டா?" என்றாள் கவிதா.

 அக்கா சட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "சரி, நிக்காம ஓடுற மாதிரி செஞ்சு, எடையையும் குறைச்சு எடுத்துட்டு வா. அதுவரைக்கும் நெழல் பாத்துப் பொறுக்குறேன்."

திரும்பும்போது கவிதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நான் செஞ்சது சரிதானே?" சரிதான் என்றேன். அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை. மழை பெய்த மறுநாள் சின்னக் கார் வேண்டாம். நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

பார்வதி அக்கா இப்போது தினமும் பன்னிரண்டு மணிக்குக் கவிதாவுக்குப் போன் செய்கிறார். "நெழல்லதான் இருக்கேன்மா" என்பார். சட்டை எப்போது வரும் என்று கேட்பதே இல்லை.