குர்பான் குழியில் கிடந்த மாரித்தவளை

மண்வெட்டி காய்ந்த மணலைக் கீறும் சத்தம் சட்டென்று நின்றது. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், ஹஜ்ஜுப் பெருநாள் காலையில், குர்பான் மாட்டின் இரத்தம் இறங்கவென்று வாப்பா வெட்டிக்கொண்டிருந்த குழிக்குள், முழங்கால் ஆழத்தில், உருண்டையாக ஏதோ கிடந்தது. மண்கட்டியென்று நினைத்து எடுத்தேன். அது கண்ணைத் திறந்தது.

"மாரித்தவளை" என்போம். முதல் பெரிய மழைக்கு, குடத்துக்குள் வாய்வைத்து ஊதுவதுபோல் அது கத்துவதைக் கேட்டிருக்கிறோம். கோடையில் எங்கே போகிறது என்று யோசித்ததில்லை.

என் அக்கா, ராத்தாவுக்கு, அப்போது பத்து வயது. "தண்ணியில்லாம மவுத்தாகப் போகுது" என்று என் கையிலிருந்து பறித்து, கிணற்றடி வாளி நீரில் போட்டாள். தவளை பந்தாக ஊதி மிதந்தது; குட்டைக் கால்களால் எவ்வளவு உதைத்தும் வாளியின் விளிம்பை எட்ட முடியவில்லை. பிறகு உதைப்பதையும் நிறுத்தியது. ராத்தா அழத் தொடங்கினாள்.

"தவளைக்கு நீந்தப் படிச்சுக் குடுக்கிறியா புள்ள?" என்ற வாப்பா, வாளியை மணலில் கவிழ்த்தார்.

கொஞ்ச நேரம் அசையாமலிருந்துவிட்டு, அது பின்னங்கால்களை மாறி மாறி அகட்டியது. பாதத்தின் அடியில் மண்வெட்டி அலகுபோல் கடினமான ஒரு விளிம்பு. முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டே, பின்புறமாகத் திருகித் திருகி மணலுக்குள் இறங்கியது. கடைசியாகக் கூர்மூக்கும் மறைந்தது.

அந்த இடத்துக்கும் குழிக்கும் ஒரு முழம்தான் தூரம்.

"ரத்தம் அதுக்கு மேல ஊறுமே வாப்பா!" என்றாள் ராத்தா.

அறுக்க வந்திருந்த பள்ளிவாசல் மோதினார் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "மாட்டக் கட்டி வெச்சுப்போட்டுத் தவளைக்கு இடம் பாக்கிறீங்களா காக்கா?"

வாப்பா குழியை மூடிவிட்டு, பெருநாள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிர் வேலியோரம் புதிதாக ஒன்று வெட்டினார். தவளை இறங்கிய இடத்தில் ராத்தா ஓட்டுத் துண்டொன்றை நட்டாள். மாரியில் அந்த மூலையிலிருந்து முதல் சத்தம் வந்தபோது, "என்ட தவளை" என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

வீடு சீதனமாக ராத்தாவுக்கே போனது. இப்போது குர்பான் பொதுவிடத்தில் நடக்கிறது. வளவில் குழி வெட்டுவதில்லை. மழைநீர் தேங்கும் பள்ளங்களில்தான் இந்தத் தவளை முட்டையிடும். தெருவில் அப்படியொரு பள்ளமும் மிச்சமில்லை. ராத்தாவின் மகன் வளவு முழுக்கக் கல் பதித்தான். அந்த மூலையில் மட்டும் நாலு கல்லுக்கான இடத்தை அவள் மூடவிடவில்லை.

போன மாரியின் முதல் பெரிய மழைக்கு அவளுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"கத்துதா ராத்தா?"

"போன வை புள்ள. நீ கதைச்சா எனக்குக் கேக்காது."