கொசு இருக்கா, அக்கா?

குப்பைக் கூடைகள் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அது காவலாளி செய்த உபகாரம் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள்.

அவள் பெருக்கித் துடைக்கிற அந்த அலுவலகத்தில் ஆறு அறைகள். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும், கை எட்டாத மூலையில் ஒரு கூடை. காலை ஆறரைக்கு வந்து, மண்டியிட்டு, ஒவ்வொன்றாக இழுத்து எடுப்பதற்குள் இரண்டு முட்டியும் உயிரை வாங்கிவிடும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் கூடையெல்லாம் மேசைமேல். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்று வாசலில் காவலாளியிடம் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"கூடையைத் தூக்கி வச்சதுக்கு."

"நானா? நான் எந்திரிச்சுக் கதவைத் தொறக்கறதே பெரிய விஷயம். அது நம்ம டொய்ங் பண்ற வேலை. சாயங்காலம் எல்லாரும் கெளம்பினப்புறம் ஒவ்வொண்ணாத் தூக்கி வைப்பாரு. ஏன் சார்னு கேட்டா, 'எலி வருது'ங்கறாரு. நாலாவது மாடிக்கு எலி என்ன, லிஃப்ட்ல வருமா?"

அக்காவின் நடையைப் பார்த்தே அந்த டொய்ங் முட்டி வலியைக் கண்டுபிடித்திருக்கிறான். நேரில் நன்றி சொன்னால் கூசிப்போவான் என்று தோன்றியது. அதனால் அவனிடம் சொல்ல வேண்டியதைக் கடவுளிடம் சொல்லிவிட்டு, வேலையைப் பார்த்தாள்.

டொய்ங் என்பது அலுவலகத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அங்கே நடந்த வேலை அப்படி. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடிய ஒரு வீடியோ கேமை, இந்தக் காலத்துக்கு ஏற்றமாதிரி திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். கையில் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் குகை குகையாக இறங்கிப் போவான். அவன் குதித்தால் "டொய்ங்" என்று ஒரு சத்தம். படம் வரைய இருபது பேர். பழைய பாட்டுகளையெல்லாம் புதுசாகச் சேர்த்துக் கொடுக்க ஒரே ஒருவன், அவன்தான். அக்காவுக்கு அவன் தம்பி. "சார்" என்று ஒருமுறை கூப்பிட்டதற்கு, "அந்த சார் இன்னும் வரலக்கா, வந்தா சொல்றேன்" என்றான். அன்றிலிருந்து தம்பிதான்.

அவன் தையற்காரியின் மகன். அம்மா மிஷின் மிதிக்கிற அறையிலேயே டிவியும் இருந்தது. மாமா ஒருவர் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். இவன் அதில் விளையாடவே மாட்டான். முதல் திரையிலேயே நிறுத்திவிட்டு, வருகிற பாட்டை மட்டும் கேட்டபடி சுவரில் சாய்ந்துகொள்வான்.

"ஆடறதுன்னா ஆடு, இல்லன்னா அணைடா. கரண்டு பில்லை உன் மாமனாரா கட்டப்போறாரு?" என்று அம்மா மிஷினை நிறுத்தாமலே கத்துவாள். அப்போது அவனுக்கு வயது ஒன்பது.

பெரியவனாகிக் கீபோர்டு கற்றுக்கொண்டு, பதினைந்து வருஷம் மேடைக் கச்சேரிகளில் வாசித்தான். அவனுக்கு என்று ஒதுக்கிய இடம் பீரோ உயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். அந்த மேடைகள்தான் சோறு போட்டன, கல்யாணம் பண்ணிவைத்தன, ஒரு பெண்குழந்தையை வளர்த்தன. அப்புறம் இந்த வேலை வந்தது. எந்தப் பாட்டுக்காக அம்மாவிடம் திட்டு வாங்கினானோ, அதே கேம், அதே பாட்டு. மொத்தம் பதினெட்டு. "இதுக்காகத்தான்க்கா பொறந்தேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று ஒருநாள் சொன்னான்.

அமைதியாக இருக்குமென்று அவனும் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவான். ஒருநாள் அக்கா அறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு நிமிஷம். இதைக் காதுல மாட்டிக்கோங்க."

"என் தலையெல்லாம் எண்ணெய் தம்பி."

"ஹெட்போன் எண்ணெய்க்குப் பயப்படாது. மாட்டுங்க."

மாட்டினாள். அவள் கேட்டதெல்லாம் வழிபாட்டுப் பாட்டும், பேருந்தில் அலறுகிற பாட்டும்தான். இது வேறு மாதிரி இருந்தது. மழை விட்டபிறகு கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி. ஆனால் அந்தச் சொட்டலுக்கு நடுவே ஏதோ ஒன்று காதைக் குத்தியது. அவளுக்கு இடது கண் தானாகச் சுருங்கிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள கொசு கத்துது தம்பி."

அவன் முகம் சாம்பல் பூத்துப்போனது. பாட்டை நிறுத்தினான். "எந்த இடத்துல?" என்று கேட்டான். திரும்பப் போட்டான். அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள். அவன் அதே இடத்தை மூன்று தடவை கேட்டான். அவன் காதில் விழவில்லை என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

"கீச்சுச் சத்தம் எதுவும் எனக்கு இப்ப கேக்கறதில்லக்கா" என்றான் அப்புறம். "மத்ததெல்லாம் கேக்குது. நீங்க பேசறது, கதவு, வண்டி எல்லாம். மேல போற சத்தம் மட்டும் போயிடுச்சு. என் பொண்ணு விசிலடிக்கக் கத்துக்கிட்டா. என் முன்னாடி வந்து நின்னு அடிச்சுக் காட்டறா. வாய் மட்டும் குவியுது. 'சூப்பர்டா கண்ணு'ங்கறேன்."

அக்கா கையிலிருந்த துணியையே மடித்தாள்.

"கம்ப்யூட்டர்ல தெரியாதா தம்பி? கோடு கோடா ஓடுதே."

"தெரியும். ஆனா கோட்டைப் பார்த்து உப்பு போட முடியாதுக்கா. அந்தப் பழைய பெட்டியோட குரலே கொஞ்சம் கீச்சுதான். மொத்தமா எடுத்துட்டா பாட்டு செத்துடும். விட்டா கொசு. எவ்வளவு வேணுங்கறது காதுக்குத்தான் தெரியும்." கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தான். "இங்க யாருக்கும் தெரிய வேணாம்க்கா. இந்தப் பதினெட்டும் முடியற வரைக்கும்."

பொய் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கத்தான் சொல்கிறான் என்று அக்கா மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிப்போனது. ஏழேகாலுக்கு அவன் அறைக்குள் அவள் போவாள். "கொசு இருக்கா, அக்கா?" என்பான். அவள் உள்ளதைச் சொல்வாள். "இருக்கு, ஆனா பக்கத்து வீட்டுல இருக்கு." "இன்னிக்கு ரெண்டு கொசு, புருஷன் பொண்டாட்டி." "இல்ல தம்பி, வலை கட்டின மாதிரி இருக்கு." அவன் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருப்புவான். ஒன்று முடிந்து இன்னொன்றாகப் பதினேழு பாட்டு தேறிவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் அவனைக் கொண்டாடினார்கள். பதினேழிலும் பாதிக் காது அக்காவுடையது என்று கடவுளுக்கு மட்டும் தெரியும்.

பதினெட்டாவதுதான் ஆளைத் தின்றது. அது அந்தக் குட்டி மனிதன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு இளைப்பாறுகிற பாட்டு. பன்னிரண்டு விநாடிதான். திரும்பத் திரும்ப வரும். சின்ன வயதில் சுவரில் சாய்ந்து அவன் கேட்ட பாட்டு அதுதான். ஆட்களை வைத்து நிஜப் புல்லாங்குழலில் வாசிக்கவைத்து, அதன் அடியில் பழைய பெட்டியின் குரலை மெல்லப் படுக்கவைத்திருந்தான். பத்து தடவை மாற்றினான். பத்து தடவையும் கொசு இருந்தது.

நிறுவனத் தலைவருக்குப் போட்டுக் காட்டவேண்டிய நாளும் வந்தது. அன்று காலை அக்கா போனபோது அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"நேத்து டாக்டர்ட்ட போனேன்க்கா. வலது காது இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்காதுன்னுட்டாரு. இடதும் பின்னாலயே போகுமாம்." ஹெட்போனை நீட்டினான். "இது ஒண்ணு சரியா வந்துட்டா போதும். அப்புறம் எது போனாலும் போகட்டும். கொசு இருக்கா, அக்கா?"

மாட்டினாள். குழல் வந்தது, அடியில் பழைய பெட்டி வந்தது. அழகாக இருந்தது. இருந்தாலும் கடைசி இரண்டு விநாடியில், ஊசி முனை அளவுக்கு, அது இருந்தது.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைத் தாள் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. அவளால் முடியவில்லை. ஒரு மனுஷன் ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும், இந்த ஊசி முனையை யார் கவனிக்கப் போகிறார்கள், ஆண்டவன் மன்னிப்பான் என்று நினைத்தாள்.

"இல்லப்பா. சுத்தமா இருக்கு" என்றாள்.

அவன் கண்ணை மூடி, நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தான். அப்படிச் சாய்ந்து அவள் பார்த்ததே இல்லை.

பதினோரு மணிக்குப் பெரிய அறையில் எல்லோரும் கூடினார்கள். அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுக்க உள்ளே நின்றாள். அங்கே ஹெட்போன் இல்லை. ஆள் உயர ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. பாட்டு தொடங்கியது. குழல் எழுந்தபோது ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியதை அக்கா பார்த்தாள். அப்புறம் அந்தக் கடைசி இரண்டு விநாடி வந்தது. காலையில் ஊசியாக இருந்தது இங்கே கத்தியாகிவிட்டிருந்தது. பாட்டு திரும்பச் சுற்றிவரும்போதெல்லாம் அந்தக் கத்தியும் வந்தது. ஒருவன் "ஐயோ" என்றான். ஒவ்வொருவராகக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்கள். அறை முழுக்க காதைப் பொத்திக்கொண்டிருக்க, அவன் ஒருவன் மட்டும் கண்ணை மூடித் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

தலைவர் பாட்டை நிறுத்தச் சொன்னார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கு அது கேக்கலையா?"

அவன் கண்ணைத் திறந்தான். எல்லோர் கையும் காதிலிருந்து இறங்குவதைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இல்ல சார்."

"அனுப்பறதுக்கு முன்னாடி வேற யாருக்காவது போட்டுக் காட்டினீங்களா?"

அக்கா கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் காட்டல சார். நான் மட்டும்தான் கேட்டேன்" என்றான்.

வேறு ஒருவர் வந்து அன்று சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு விநாடியைச் சரிசெய்துவிட்டார். அவ்வளவு சின்ன வேலை. ஆனால் காது கேட்காதவனிடம் அடுத்த கேமை எப்படிக் கொடுப்பது? மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. மன்னிப்பது ஆண்டவன் வேலை என்று சுலபமாக நினைத்துவிட்டாள். அவள் சொன்ன பொய்யைச் சுமக்க வேண்டியவன் வேறொருவன் என்று அப்போது தோன்றவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் இன்னொரு தடவை குமிழைத் திருப்பியிருப்பான். மணி ஏழரைதான் ஆகியிருந்தது. நேரம் இருந்தது.

எட்டு மாதம் கழித்து, பேருந்தில் பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண்ணின் போனிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. இளைப்பாறுகிற பாட்டு. அக்கா இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் உட்கார்ந்து கேட்டாள். கொசு இல்லை. "இது யார் போட்ட பாட்டும்மா?" என்று கேட்டாள். "தெரியலம்மா, கேம்ல வர்றது" என்றாள் அந்தப் பெண். அவன் இப்போது மனைவி வேலை செய்கிற மருந்துக்கடையில் பெட்டி அடுக்குகிறான் என்று காவலாளி எப்போதோ சொல்லியிருந்தார். போய்ப் பார்க்க அக்காவுக்குக் கால் வரவில்லை.

அவள் அவனைப் பார்த்தது அவன் கிளம்பிய நாளோடு சரி. அன்று சாயங்காலம் அக்கா வேண்டுமென்றே திரும்ப வந்தாள். எல்லோரும் போயிருந்தார்கள். அவன் ஒரு பையில் தன் ஹெட்போனையும், மகளின் படத்தையும் போட்டுவிட்டு, ஆறு அறையிலும் கூடைகளைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அன்னிக்குக் காலையில நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். "கொசு இருந்துச்சு. கடைசியில. எனக்குக் கேட்டுச்சு."

அவன் கடைசிக் கூடையை வைத்து, அது விழாமல் சுவரோரம் தள்ளினான்.

"தெரியும்க்கா" என்றான். "கொசு இருந்தா உங்க இடது கண்ணு சுருங்கும். ஆரம்பத்துலேர்ந்தே அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கும் சுருங்குச்சு, பாத்தேன். ஆனா நீங்க இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேக்கணும்போல இருந்துச்சு. அது மட்டும் நல்லாக் கேட்டுச்சுக்கா."