அலை இல்லாத இடம்

அன்று கரையில் எங்கள் பக்கம் நின்றவர்கள்: என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் மகள், ஆராய்ச்சிக்கு வந்த மேடம், நான். மேடத்தின் காலடியில் காலி எண்ணெய் கேன் ஒன்று. மஞ்சள் நிறம். மூடியை இறுக்கி, கைப்பிடியில் நைலான் கயிறு கட்டியிருந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுனாமிக்கு மறுவருஷம் மரக்காணத்துக்கு வந்தவர் மேடம். கடலில் குளிக்கிறவர்கள் எப்படி மூழ்கிப் போகிறார்கள், அதை எப்படித் தடுப்பது என்று பார்க்கிற வேலை. உப்பளத்து ஆட்களைக் கரைக்குக் கூட்டிப் போய், "குளிக்கணும்னா எங்க இறங்குவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டினோம். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் உப்புப் பாத்தி போலப் படுத்துக் கிடக்கும் இடம். பாத்தித் தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தாண்டாது. நாளெல்லாம் அதில்தான் நிற்கிறோம். அந்த வருஷம் அலைச் சத்தம் கேட்டாலே வேறு பின்னால் நகர்ந்துவிடுவோம். மேடம் அங்கே பச்சைச் சாயத்தைக் கொட்டினார். பச்சை கரைக்கு வரவில்லை. ரோடு போட்ட மாதிரி நேராகக் கடலுக்குள் போயிற்று. "கடலுக்கே சாயம் போட்டுட்டாங்கடி" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து வந்த மாசி மகத்துக்கு நாத்தனார் கிளியனூரிலிருந்து மகளோடு வந்திருந்தார். சாமி தீர்த்தவாரி முடிந்து கூட்டம் கடலில் இறங்கியது. நான் புடவையை வரிந்து கட்டுவதற்குள், அலைக்குப் பயந்த நாத்தனார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படுத்த தண்ணீரில் இறங்கிவிட்டார். முட்டி. இடுப்பு. அப்புறம் இரண்டு தலைகள். "தம்பீ!" என்று ஒரே தடவை கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை. வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் பாய்ந்தார். மேடம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வுடுங்க மேடம், எங்க அக்கா!"

"நீங்களும் போனா மூணு பேரு. கேனைப் போடுங்க!"

நான் எறிந்தேன். பச்சை போன அதே வழியில் தண்ணீரே கேனை எடுத்துப் போயிற்று. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடி, நின்றது. கனத்தது. ஒரு ஆள் கனமா, இரண்டு ஆள் கனமா, தெரியவில்லை. "எதிர்த்து இழுக்காதீங்க, பக்கமா நடங்க" என்றார் மேடம். கயிற்றோடு கரையோரமாகவே மூவரும் நடந்தோம். அலை உடைகிற இடம் வந்ததும், எந்த அலைக்குப் பயந்தோமோ அதுவே தள்ளிக்கொண்டு வந்து போட்டது. நாத்தனாரின் ஒரு கை கேனில் இருந்தது. மறு கையில் மகளின் பின்னல்.

வேலை முடிந்து மேடம் போய்விட்டார். கேனை எங்களிடமே விட்டுப் போனார். மஞ்சள் வெளுத்து ஆணியில் தொங்குகிறது. மாசி மகத்துக்கு மட்டும் கயிற்றை மாற்றி எடுத்துப் போவேன். அந்தப் பின்னல்காரிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். "அத்தை உப்பு மூட்டை எண்ணுற மாதிரி எங்கள எண்ணுறாங்க பாரு" என்று கிண்டல் செய்கிறாள். செய்யட்டும். அலை உடைகிற பக்கம்தான் கால் நனைக்க விடுவேன். இறங்கும்போது எண்ணுவேன், ஏறும்போதும் எண்ணுவேன். இந்த வருஷம் இறங்கியது ஏழு பேர். ஏறியதும் எண்ணினேன். ஆறுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். என்னை விட்டுவிட்டிருந்தேன்.

ஏழு.