மைக் செட் சவுரிமுத்துவின் கரகரப்பு

சவுரிமுத்து அண்ணனை நான் முதலில் பார்த்தது ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் செவித்திறன் பரிசோதகனாக நான் சேர்ந்து அப்போது நான்கு மாதம். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்போம். காதில் 'பீப்' என்று கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

அவர் எல்லாவற்றுக்கும் அழுத்தினார். ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு எட்டு வயதுப் பிள்ளையின் காது. சந்தேகம் வந்து, சத்தம் எதுவும் அனுப்பாமல் விரலை மட்டும் அசைத்துப் பார்த்தேன். உடனே அழுத்தினார். என் கை அவருக்குக் கண்ணாடி வழியாக நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து, அவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"கண்டுபுட்ச்சிட்டியா தம்பி," என்றார். கோபமெல்லாம் இல்லை. "பாஸ் ஆவணும்னு தான்."

இரண்டாவது தடவை வந்த வரைபடம் உண்மையானது. தாழ்ந்த சுருதிகள் எல்லாம் சரியாக இருந்தன. மேலே போகப் போக ஓரிடத்தில் கோடு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு காதிலும்; வலதில் கூடுதலாக. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு வருவது இது. தொழில் என்ன என்று கேட்டேன். சேலையூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பதாகச் சொன்னார். கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா தேர், ஆடி மாதம் வந்தால் அம்மன் கோவில்கள். முப்பத்து மூன்று வருஷமாக. அவர் செட் போட்டால் மைக் கீச்சிடாது, பேச்சில் ஒரு எழுத்துகூடப் பிசிறாது என்று அந்தப் பக்கம் பேர் உண்டு என்பதையும் அவரே சொன்னார்.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று அவரிடம் நான் சொல்ல வேண்டும். இதைச் சரியாகச் சொல்வதற்குத்தான் நாலு வருஷம் படித்தேன். எங்கள் வீட்டில், ஏன் எங்கள் தெருவிலேயே, பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். அண்ணன் அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எதிரே உட்கார்ந்தார். வேலை செய்யும்போது காதடைப்பான் போட வேண்டும், எண்பத்தைந்து டெசிபலுக்கு மேல் எந்தச் சத்தத்தின் பக்கத்திலும் வெறும் காதோடு நிற்கக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்று கேட்டார்.

"இந்தப் படத்துல கிட்டார் சத்தம் எங்க கீது?"

வரைபடத்தின் இடது பக்கத்தைக் காட்டினேன். கிட்டாரின் சுரங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பக்கம்தான். அங்கே அவருக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் இப்படியே இன்னும் ஏழெட்டு வருஷம் போனால் கிணறு அகலமாகும், கிட்டாரும் மங்கும் என்றேன். அவர் வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்போ இப்பவே வாங்கிடணும்," என்றார்.

எதை என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த வாரம் காதடைப்பானுக்கு அளவு கொடுக்க வந்தபோதுதான் கதை தெரிந்தது. இருபத்து நாலு வயதில், தாம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு அவர் மைக் செட் போட்டிருக்கிறார். மேடையில் மாணவர்கள் நாலு பேர். ஒருவன் எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு கம்பியை விரலால் தள்ளி வளைத்தான். சுரம் அழுகிற மாதிரி ஏறியது, ஓரமெல்லாம் கரகரவென்று. மைக் செட்காரருக்குக் கரகரப்பு என்றால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ ஒயர் விட்டிருக்கிறது, அல்லது ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது. சவுரிமுத்து மிக்சர் பலகையில் அந்தக் கிட்டாரின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரோடு மேடைக்கு ஓடினார். கூட்டம் ஊளையிட்டது. வாசித்தவன் மட்டும் சிரித்துக்கொண்டே, அண்ணா, அது கெட்டுப்போனதில்லை, வேண்டுமென்றே வைத்தது, இதற்குப் பேர் ப்ளூஸ் என்று சொன்னானாம். அண்ணன் திரும்பி வந்து ஏற்றிவிட்டார். மீதிப் பாட்டு முழுவதும் மிக்சருக்குப் பின்னால் அசையாமல் நின்றார்.

அன்றிலிருந்து ப்ளூஸ் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முதலில் கேசட், பிறகு போன். மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குச் சாதா கிட்டார் வாசிப்பார். அதில் பூசைப் பாட்டுகள் வரும், அந்த அழுகை வராது. கடைக்குப் புது ஸ்பீக்கர் முதலில், மகள் ஜான்சியின் நர்சிங் படிப்பு முதலில் என்று எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவதைத் தள்ளிக்கொண்டே வந்தார். இப்போது தள்ள இடமில்லை.

"ஒரே ஒரு பாட்டு, அந்தக் கரகரப்போட, என் கையால வரணும்," என்றார். "அத்த நான் கேக்கணும். அவ்ளோ தான் தம்பி."

குரோம்பேட்டையில் இருக்கும் இசைக்கருவிக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போனோம். சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். கடைக்காரர் அசார் தானும் நன்றாக வாசிப்பவர். நாலைந்து கிட்டார்களை இறக்கி வைத்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில் சொருகப் போனார். அண்ணன் தடுத்துவிட்டார். ஆம்ப் இல்லாமலே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கீழ்க் கம்பியைத் தட்டிவிட்டு, கிட்டாரின் கொம்பு போன்ற முனையைத் தாடை எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகும் என்பதைக் கிளினிக்கில் என்னிடம்தான் பார்த்திருந்தார். அதிர்வு எதில் நெடுநேரம் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணா, பாத்து. பெயின்ட்டு வாய்க்கு நல்லதில்ல," என்றார் அசார்.

நாலாவதாக எடுத்த கருஞ்சிவப்பு கிட்டாரில் எண்ணிக்கை பதினேழு வரை போனது. அதையே எடுத்தார். அசார் பிறகு சொருகி வாசித்துப் பார்த்துவிட்டு, கடையில் இதுதான் நல்ல மரம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார்.

ஆம்ப்பில்தான் தப்பு நடந்தது. அசார் காட்டியது பழைய காலத்து வால்வு வைத்த, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம் போன்ற ஒரு சின்னப் பெட்டி. எத்தனை வாட்ஸ் என்று அண்ணன் கேட்டார். ஒன்று என்றார் அசார்.

"ஒண்ணா? இது இன்னா, காலிங் பெல்லா?"

மைக் செட் தொழிலில் ஆளை அளப்பதே வாட்ஸை வைத்துத்தான். ஐயாயிரம் வாட்ஸ் செட் வைத்திருப்பவர் ஐந்நூறு வாட்ஸ்காரரோடு டீ குடிக்கும்போதும் அது இருவருக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய பெட்டியை வாங்கிக் குறைத்து வைத்தால் சுத்தமாகக் கேட்கும், சின்னதை ஏற்றினால் கிழியும். இது அவருக்கு முப்பத்து மூன்று வருஷப் பாடம். நூறு வாட்ஸ் ஆம்ப் ஒன்றின் முன்னால் போய் நின்றார். வீட்டுக்குள் வாசிக்க இது வேண்டாம் என்று அசார் எவ்வளவோ சொன்னார். ப்ளூஸ் வேண்டுமானால் சின்னதுதான் என்றார். கரகரப்பைத் தனியாகச் சேர்க்கும் ஒரு பெடலைக் காலடியில் வைத்துக் காட்டினார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, தகர டப்பாவில் வண்டு பூந்த மாதிரி இருக்கிறது என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு பெரியதானாலும் குறைத்து வைத்தால் காதுக்கு ஆபத்தில்லை என்றேன். படித்தவன் சொன்னால் மறுபேச்சு ஏது? நூறு வாட்ஸ் ஆட்டோவில் ஏறியது.

அவர்கள் வீடு வரிசை வீடுகளில் மூன்றாவது. முன் அறையில் ஆம்ப்பை வைத்ததும் சோபா வெளியே போக வேண்டியிருந்தது. நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டேன். எண்பதில் நிறுத்தி அண்ணன் வாசித்தார். சத்தம் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு பிசிறு இல்லை. அவர் கம்பியை வளைத்தார். சுரம் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பேபி அக்கா, "நல்லா கீதுங்க, பூசைக்கே எடுத்தும் போலாம்," என்றார். அதைவிடப் பெரிய அடி அவருக்கு வேறு இல்லை.

கொஞ்சம் ஏற்றினார். தொண்ணூறு. இன்னும் பளிங்குதான். நான் கையைக் காட்டுவதற்குள் மறுபடி திருகிவிட்டார். நூற்று ஆறு. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன, பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. ஆனால் அந்த ஒரு நொடியில் கரகரப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். உடனே சுவிட்சை அணைத்தேன்.

வலது காதில் இரண்டு நாள் விசில் அடித்தது. மூன்றாம் நாள் கிளினிக்குக்கு வந்தார். பரிசோதித்தேன், நல்ல வேளையாகக் கோடு அதே இடத்தில்தான் இருந்தது. குறைத்து வைத்தால் ஆபத்தில்லை என்று நான் சொன்னது சரிதான். குறைத்து வைத்தால் அவர் தேடியது வராது என்பது என் பாடப் புத்தகத்தில் இல்லை. மறுபடி அந்த அளவுக்கு ஏற்றினால் நான் பொறுப்பில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

"ஆம்ப்பு கீது, கிட்டாரு கீது," என்றார் எழுந்துகொண்டே. "காது பத்தல."

கிட்டார் உறைக்குள் போய் லாஃப்டில் ஏறிவிட்டது என்று பேபி அக்கா போனில் சொன்னார். இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து அவர் கடைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், கடையில் செட் சோதிக்கும்போது எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்து தருகிறேன் என்று மீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது கங்கையம்மாள் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். தெருத்தெருவாகக் காய்கறி விற்பவர். வண்டியில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடுவது. அதில் அவர் குரலே பதிவாகி, தக்காளி, கத்தரி, முருங்கை என்று திரும்பத் திரும்பக் கூவும். கரகரக்கிறதே என்று அண்ணன்தான் போன வாரம் அதைப் பிரித்து, சுத்தமாகக் கேட்கும்படி சத்தத்தை இறக்கி வைத்துக் கொடுத்திருந்தார்.

"இன்னா முத்து பண்ணி வெச்ச? இந்தப் பொட்டி இப்ப எங்கிட்ட மெதுவா ரகசியம் பேசுது. ஒருத்தரும் எழுந்து வர மாட்டேன்றாங்கோ. பழையபடி வெய்யி."

ஏற்றினால் கிழியும் என்றார் அண்ணன். கிழியட்டும், கிழிந்த குரலைக் கேட்டுத்தான் வாடிக்கைக்காரர்களுக்கு நான் வந்திருப்பது தெரிகிறது என்றார் கங்கையம்மாள். அண்ணன் வேண்டாவெறுப்பாகப் பெட்டியை முழுதும் திருகிவிட்டார். தக்காளி கரகரவென்று கூவியது. கை சும்மா இருந்ததால் மீட்டரைக் காட்டினேன்.

"எழுபத்தாறு," என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "இன்னா நம்பர் சொன்ன?"

"எழுபத்தாறுண்ணா."

பெட்டியைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். பிறகு கங்கையம்மாளிடம் ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். கிட்டாரோடு வந்தார். பெட்டியில் மைக் சொருகும் துளையில் ஒயரைச் செருகி, வண்டியில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டு அந்தக் கம்பியை வளைத்தார். சின்னப் பெட்டி தாங்க முடியாமல் கரகரத்து அழுதது. தகரத்தனமான சத்தம்தான். ஆனால் அதுதான். மீட்டர் எழுபத்தெட்டைத் தாண்டவில்லை.

"என் பொட்டியில பூனை பூந்துகிச்சா முத்து?" என்றார் கங்கையம்மாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். இன்னொரு தடவை. பிறகு என்னிடம், "கரகரப்பு சத்தத்துல இல்ல தம்பி," என்றார். "பொட்டி தாங்காம போற எடத்துல கீது. பெரிய பொட்டி எவ்ளோ ஏத்துனாலும் தாங்கிக்குது. சின்னது சீக்கிரம் தாங்காம பூடும். அவ்ளோ தான் விசயம். இத்த வராம பாத்துக்கறது தான் இத்தினி வருசமா எனக்கு வேலையே."

மறுநாள் நூறு வாட்ஸ் மறுபடி ஆட்டோவில் ஏறியது. அசார் மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்; ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேன்லண்ணா."

"நீ சொன்ன. கங்கையம்மா தான் கேக்க வெச்சுது," என்றார் அண்ணன்.

ஒரு வாட் காலிங் பெல்லை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முன் அறையின் ஒரு மூலையில் அதை வைத்து, எதிர் மூலையில் நாற்காலி போட்டு, முழுதும் திருகினார். நாற்காலியில் மீட்டர் எண்பத்திரண்டு. அவர் வாசிக்கத் தொடங்கியதும் நான் மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். ப்ளூஸில் வழக்கமாக வரும் பன்னிரண்டு தாள அடிச் சுற்று ஒன்று, மூன்றே மூன்று சுரக்கூட்டு. நடுவில் இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது. கடைசியில் கம்பியை வளைத்துப் பிடித்து, கரகரப்பு தானாக அடங்கும் வரை விடாமல் இருந்தார். பேபி அக்கா உள்ளேயிருந்து வந்து, ஏதோ ஒயர் விட்டிருக்கும் போல, பாருங்கள் என்றார்.

"இல்ல பேபி," என்றார் அண்ணன். "இது அப்டித்தான்."

சவுரிமுத்து அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. சேலையூரில் சவுண்ட் சர்வீஸ் நடக்கிறது. காதடைப்பான் இல்லாமல் செட் பக்கம் போவதில்லை, வேலைக்கு வருபவர்களையும் போக விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒரு மணி நேரம் வாசிக்கிறார். அவருக்கு முழுதாக வரும் பாட்டுகள் நான்கு. கங்கையம்மாளின் பெட்டி பழுதானால் இனாமாகப் பார்த்துக் கொடுக்கிறார், சத்தத்தை மட்டும் இறக்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்து, நாற்காலியைத் தானே சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். போன மாதம் எடுத்த வரைபடத்தில் கோடு மூன்று வருஷத்துக்கு முன் இருந்த இடத்திலேயே இருக்கிறது.